ஆப் 8 சதவீதம் என்கிறது, கால் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது

பின்னால் வந்து படிக்கிறவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் இருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு முன் மவுண்டன் பைக் வாங்கியிருக்கிறீர்கள். மலை ஏறும் தார் ரோட்டில் 8 சதவீத ஏற்றத்தை இறங்காமல் மிதித்துவிடுகிறீர்கள். ஆனால் மேற்கே அடிவாரத்தில் ஒரு மண் தடத்தில், ஆப் அதே 8 சதவீதம் என்று காட்டும் இடத்தில், பாதியில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது அதே இடத்தை மேலே நின்று பார்த்தால் சுவர் மாதிரி இருக்கிறது. ஆப் தப்பா, நான் தப்பா என்று கேட்கிறீர்கள். இதுவரை வந்த பதில்களில் பாதி "பயிற்சி போதாது", மீதி "கியரை மாத்துங்க". எண் ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது, எதை நம்பி வண்டியை ஓட்டுவது என்பதுதான் நீங்கள் கேட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் படித்தது சிவில் டிப்ளமோ. இருபது வருஷத்துக்கு மேல் ரோடு வேலைகளுக்கு லெவல் எடுத்தவன். சரிவை அளப்பதுதான் பிழைப்பு. அடிவாரத்தில் சைக்கிள் மிதிப்பது பதினான்கு வருஷமாக, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். பந்தயத்துக்குப் போனவன் இல்லை, யாருக்கும் கோச்சும் இல்லை. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண வண்டி. இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் இறக்கம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

முதலில் சதவீதம் என்றால் என்ன என்று ஒத்துக்கொள்வோம். 100 மீட்டர் கிடையாகப் போகும்போது 8 மீட்டர் உயர்ந்தால் 8 சதவீதம். டிகிரியில் சொன்னால் ஐந்துக்கும் கொஞ்சம் குறைவு. 45 டிகிரி என்பது 100 சதவீதம். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலிக்காகப் போட்டிருக்கும் சாய்தளம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். வீட்டு மாடிப்படி 30 டிகிரிக்கு மேல் இருக்கும், சதவீதத்தில் அறுபது எழுபது. மலை ரோடு போடும்போது பொதுவாக 5, 6 சதவீதத்துக்குள் கொண்டுவரத்தான் பார்ப்போம். செங்குத்தான மலையில் வேறு வழியே இல்லை என்றால்தான் குறைந்த தூரத்துக்கு 8 வரை விதி இடம் கொடுக்கும். அதற்காகத்தான் அத்தனை கொண்டை ஊசி வளைவுகள். ஆடு மேய்க்கிறவர் போட்ட தடத்துக்கு அந்த விதியெல்லாம் கிடையாது. அது நேராக மேலே ஏறும்.

இப்போது ஆப். அது பொய் சொல்லவில்லை, ஆனால் சராசரியைச் சொல்கிறது. 100 மீட்டரில் 8 மீட்டர் ஏறும் ஒரு தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 60 மீட்டர் வெறும் 4 சதவீதமாகவும், கடைசி 40 மீட்டர் 14 சதவீதமாகவும் இருந்தாலும் கணக்கு 8 என்றுதான் வரும். தார் ரோட்டில் இந்த ஏமாற்று நடக்காது. அங்கே வெட்டியும் நிரப்பியும் சரிவைச் சீராக்கியிருப்போம். மண் தடத்தில் சராசரி என்பதற்கு அர்த்தமே குறைவு. போதாக்குறைக்கு, போன் உங்கள் உயரத்தை எடுக்கும் விதமும் சந்தேகத்துக்குரியது. ஜிபிஎஸ் இடத்தைச் சொல்வதை விட உயரத்தைச் சொல்வதில் அதிகம் தவறும். வரைபடத்தில் இருந்து உயரத்தை எடுக்கும் ஆப்களில் பல, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடத்தில் இருந்து ரேடார் வைத்து எடுத்த தரவை நம்பியிருப்பவை. அதில் இப்போது பொதுவாகக் கிடைப்பது 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. இரண்டு புள்ளிக்கு நடுவில் நீங்கள் மூச்சு வாங்கி நின்ற அந்த மேடு அதன் கண்ணில் படவே படாது. மரம் அடர்ந்த இடத்தில் தரைக்குப் பதில் மரத்தின் தலையை அளந்திருக்கவும் கூடும். காற்றழுத்த மானி உள்ள போனோ கைக்கடிகாரமோ இருந்தால் பரவாயில்லை, அதுவும் வானிலை மாறினால் நகரும்.

சந்தேகம் தீர வேண்டுமானால் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு மீட்டர் நீளத்தில். தடத்தின் மேல் சரிவு ஓடும் திசையில் வைத்து, குமிழி நடுவில் வரும்வரை கீழ்ப்பக்க முனையைத் தூக்குங்கள். தரைக்கும் அந்த முனைக்கும் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதோ அத்தனை சதவீதம். கல் மேல் வைக்காமல் நாலைந்து இடத்தில் எடுத்துப் பாருங்கள். ஒரு தடவை மிதிக்க வரும் நண்பர்கள் ஆறு பேரை ஓர் ஏற்றத்தின் கீழே நிறுத்தி எத்தனை டிகிரி என்று கேட்டேன். 30, 35, ஒருவர் 45. ரசமட்டத்தில் 14 சென்டிமீட்டர் வந்தது. 8 டிகிரி. 45 சொன்னவர் இன்னமும் ரசமட்டத்தில்தான் கோளாறு என்கிறார்.

இது என் நண்பர்களின் குறை இல்லை. மனிதக் கண் சரிவை மிகைப்படுத்தித்தான் பார்க்கும். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் பிராஃபிட் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவும் 1995-இல் இதை விரிவாகச் சோதித்து எழுதினார்கள். 5 டிகிரி மேட்டை ஆட்கள் சராசரியாக 20 டிகிரி என்றார்கள், 10 டிகிரியை 30 என்றார்கள். ஆனால் அதே ஆட்களை, மேட்டைப் பார்த்தபடி, கையைப் பார்க்காமல் ஒரு பலகையை உள்ளங்கையால் சாய்த்துக் காட்டச் சொன்னால் கிட்டத்தட்ட சரியாகக் காட்டினார்கள். வாய் தப்பு, கை சரி. செங்குத்தான சரிவு கீழே இருந்து பார்ப்பதை விட மேலே இருந்து பார்க்கும்போது இன்னும் செங்குத்தாகத் தெரியும் என்பதும் அவர்கள் கண்டதுதான். ஆக, உங்களுக்குத் தெரிந்த அந்தச் சுவர் எல்லோருக்கும் தெரிவதுதான்.

கண் மிகைப்படுத்துகிறது என்பதில் பெரிய தகராறு இல்லை. அதற்கு மேல் அந்தக் குழு சொன்னதில் தகராறு உண்டு. களைப்பாக இருந்தால், முதுகில் பாரம் இருந்தால் மேடு இன்னும் செங்குத்தாகத் தெரியும், உடம்பின் சக்தியைக் கணக்கில் எடுத்துத்தான் கண் பார்க்கிறது என்றார்கள். கேட்க அழகாக இருக்கிறது, மிதிக்கிறவர்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டுவோம். ஆனால் ஃபிராங்க் டர்ஜின் என்பவரும் கூட்டாளிகளும் 2009-இல் ஒரு சோதனை செய்தார்கள். பையை மாட்டிவிடும்போது ஒரு பகுதியினருக்கு, இதில் அளவெடுக்கும் கருவி இருக்கிறது என்று ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு மேடு கூடுதல் செங்குத்தாகத் தெரியவில்லை. பாரம் எதற்கு என்று ஊகித்துக்கொண்டவர்கள்தான், சோதிப்பவர் எதிர்பார்ப்பதைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். இந்தச் சண்டை ஓயவில்லை. எனவே, களைப்பில் கண் ஏமாற்றுகிறது என்று யாராவது உறுதியாகச் சொன்னால் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். களைப்பில் கால் ஏமாற்றுகிறது என்பதற்குச் சோதனை தேவையில்லை.

கண் எதிர்ப்பக்கமும் தவறும் என்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம். நகரத்தை விட்டு மேற்கே மலையைப் பார்த்து மிதித்தால், சமதளம் போலத் தெரியும் ரோட்டில் வண்டி இழுக்காது. பிரேக் உரசுகிறதோ என்று இறங்கிப் பார்க்காதவர்கள் கிடையாது, நானும் பார்த்திருக்கிறேன். நொய்யல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யோசியுங்கள். வெள்ளியங்கிரிப் பக்கம் உருவாகிக் கிழக்கே ஓடுகிறது. அப்படியானால் மேற்கே போகும் வழியெல்லாம் ஏற்றம்தான். எதிரே மலை நெட்டுக்குத்தாக நிற்பதால் காலடியில் இருக்கும் ஒன்றிரண்டு சதவீதம் கண்ணில் படுவதில்லை. லடாக்கில் காரை நியூட்ரலில் விட்டால் மேடேறுகிறது என்று காட்டும் காந்த மலையும் இதே கண்கட்டுதான். ஆடி மாதமாக இருந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் முகத்தில் அடிக்கும். அடிவாரத்தைத் தொடும் முன்னாலேயே காலில் பாதி போய்விடும். உங்கள் மண் தடத்துக்கு நீங்கள் எந்த நிலையில் போய்ச் சேர்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

சரி, கண்ணை விடுவோம். இரண்டு இடத்திலும் ரசமட்டம் 8 என்றே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மண்தான் கஷ்டம். டயர் உருளும்போது தரை வாங்கிக்கொள்ளும் சக்தி ஒன்று இருக்கிறது. பட்டன் வைத்த டயர் தாரில் ஓடும்போது அது சுமார் 1 சதவீத ஏற்றத்துக்குச் சமம். உதிரிச் சரளையில் 3 முதல் 5 வரை போகலாம், காய்ந்த ஓடை மணலில் அதற்கும் மேல். இது தோராயம், டயருக்கும் அதில் அடைத்த காற்றுக்கும் தகுந்தபடி மாறும். எனவே உங்கள் தார் ரோடு காலுக்கு 9, மண் தடம் காலுக்கு 12. அந்தக் கடைசி 40 மீட்டர் 14 என்றால் காலுக்கு 18. நீலகிரி மலை ரயில் கல்லாறில் இருந்து குன்னூர் ஏறும் இடத்தில் சரிவு சுமார் 8 சதவீதம்தான். அதற்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த சட்டம் போட்டு, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. இரும்பின் மேல் இரும்புக்குப் பிடிப்பு இல்லை, அவ்வளவுதான். அதே சரிவில் தாரின் மேல் ரப்பர் சிரமமில்லாமல் ஏறுகிறது. சரிவு எத்தனை என்பதை விட, கீழே என்ன இருக்கிறது என்பது முக்கியமாகிவிடும் இடம் இது.

மெதுவாகப் போகும்போது இன்னொரு தொல்லை. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் இருக்கும் ஓட்டம், மிதிக்காமல் விட்டால் 14 சென்டிமீட்டர் உயரம் ஏறத்தான் போதும். ஒரு சாண் கூட இல்லை. வேர் ஒன்று, கல் ஒன்று குறுக்கே வந்தால் அங்கேயே முடிந்தது. 12 கிலோமீட்டரில் அது நான்கு மடங்கு, அரை மீட்டருக்கு மேல். அதனால்தான் மேட்டுக்கு முன்னால் வேகம் எடுத்து வருபவன் ஏறிவிடுகிறான், மேட்டடியில் வந்து கியரைத் தேடுபவன் நின்றுவிடுகிறான். கியரை மேடு தொடங்கும் முன்னாலேயே இறக்கிவிடுங்கள். பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் கடகடவென்று கத்தும், சில நேரம் அறுந்தும் போகும்.

உட்காரும் இடமும் சேர்ந்துகொள்ளும். சமதளத்தில் சீட்டில் இருக்கும்போது உங்கள் எடையின் மையம் பின் அச்சுக்கு முக்கால் முழம், ஒரு முழம் முன்னால் இருக்கும், 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீத ஏற்றத்தில் அது 22 சென்டிமீட்டர் போலப் பின்னால் நகர்ந்துவிடும். முன் சக்கரத்தில் எடை கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துபோகும். முன் சக்கரம் பாம்பு போல நெளிவதும் தூக்குவதும் இதனால்தான். சீட்டின் மூக்குக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பை ஹேண்டில்பார் பக்கம் தாழ்த்தினால் முன்னால் எடை வரும். அதற்காக எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் பிடிப்பை இழந்து வெறுமனே சுற்றும். தார் ரோட்டில் எழுந்து நின்று மிதித்துப் பழகியவர்கள் சரளையில் தோற்பது இந்த இடத்தில். டயர் காற்றையும் பாருங்கள். கடையில் 50, 60 psi என்று கல் மாதிரி ஏற்றித் தருவார்கள். டியூப் போட்ட இரண்டே கால் அங்குல டயருக்கு, 70 கிலோ ஆள் என்றால், மண்ணுக்கு 30-ஐ ஒட்டி இருந்தால் போதும். ரொம்பக் குறைத்தால் கல்லில் இடித்து டியூப் ரிம்முக்கு நடுவில் நசுங்கும். நெருஞ்சிக்கும் வேலிக்கருவை முள்ளுக்கும் எந்தக் காற்றும் ஒன்றுதான், ஒட்டுப் போடும் சாமான் இல்லாமல் இட்டேரிக்குள், அதாவது தோட்டங்களுக்கு நடுவில் வேலி ஓரமாகப் போகும் மண் பாதைக்குள், போகாதீர்கள்.

இறக்கத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்றத்தில் தப்புக்கணக்கு போட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். மதுக்கரைப் பக்கம் ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று, பட்டா நிலத்து ஓரமாக ஒரு தடம் இறங்கும். அளந்திருக்கிறேன், 18 சதவீதம். நாலைந்து வருஷம் அதில் இறங்கியிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன் என்று பீற்றிக்கொண்டதும் உண்டு. ஒரு ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்து, இரண்டு வாரம் வெயில் அடித்த பிறகு போனேன். மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போய், அடியில் இறுகிய மொரம்பும் அதன் மேல் பட்டாணி அளவுப் பொடிக்கல்லுமாக விட்டு வைத்திருந்தது. சிமெண்ட் தரையில் கேழ்வரகைக் கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி. பிரேக்கைப் பிடித்தேன், வண்டி பிடிக்காதது போலவே போனது. முழங்கையில் ஏழு தையல். அடுத்த மாதம் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். அதே 18.

நடந்தது என்ன என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உதிரிச் சரளையில் டயருக்கு இருக்கும் பிடிப்பைச் சதவீதமாகச் சொன்னால் 35 என்று வைத்துக்கொள்ளலாம். சமதளத்தில் அத்தனையும் வண்டியை நிறுத்தப் பயன்படும். என் 18-ஐக் கணக்குச் சுலபத்துக்கு 20 என்று வைத்துக்கொண்டால், 20 சதவீத இறக்கத்தில் 20 போக மிச்சம் இருப்பது 15. மணிக்கு 20 கிலோமீட்டரில் வரும் வண்டி சமதளச் சரளையில் நாலரை மீட்டரில் நிற்கும் என்றால், இந்த இறக்கத்தில் பத்தரை மீட்டர் ஆகும். அதுவும் இரண்டு சக்கரத்தையும் சறுக்காமல் முழுத் திறமையோடு பிடித்தால். பிடிப்பு 25-க்கு இறங்கினால் மிச்சம் 5. 20-க்கு இறங்கினால் நிற்கவே நிற்காது, எவ்வளவு விலை உயர்ந்த டிஸ்க் பிரேக் போட்டிருந்தாலும். நம் உடம்பு ஏற்றத்தின் கஷ்டத்தை மூச்சில் உடனே சொல்லிவிடுகிறது. இறக்கத்தில் மிச்சம் எவ்வளவு என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை. மேலே நின்று பார்க்கும்போது சுவர் மாதிரி தெரிகிறதே என்று வருத்தப்பட்டீர்கள். அந்தப் பயம் டிகிரியில் தப்பு, ஆனால் அதனால் உங்களுக்கு நஷ்டமில்லை. என்னைக் கவிழ்த்தது பழக்கத்தில் அந்தப் பயம் போனதுதான்.

சின்ன வயதில் "முன் பிரேக்கைப் பிடிச்சா குப்புற விழுவே" என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். இறக்கத்தில் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடுவதால் பின் பிரேக் மட்டும் பிடித்தால் பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும், வண்டி நிற்காது. முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், ஒரு விரலில், எலுமிச்சம்பழம் பிழிவது போல மெல்லக் கூட்ட வேண்டும். சீட்டை விட்டு எழுந்து இடுப்பைப் பின்னால் தள்ளி, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து, குதிகாலைத் தாழ்த்துங்கள். வேகத்தை வளைவுக்கும் பொடிக்கல்லுக்கும் முன்னால், கெட்டியான தரையிலேயே குறைத்துவிடுங்கள். புதுத் தடம் என்றால் முதல் தடவை இறங்கி நடந்தே போங்கள். செருப்புக் காலால் ஒரு தேய் தேய்த்தால் கல் உருள்கிறதா, மண் கவ்வுகிறதா என்று தெரிந்துவிடும். நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன், கூட வருபவர்கள் சிரிக்கட்டும்.

கேட்காவிட்டாலும் ஒன்று. நம் மேற்கு அடிவாரத்தில் பெரும் பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம், வண்டித்தடம் தெரிகிறது என்பதற்காக வழி ஆகிவிடாது. ஆனைகட்டி, தடாகம், மதுக்கரைப் பக்கமெல்லாம் யானை நடமாட்டம் உள்ள இடங்கள். விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும் போகாதீர்கள். சைக்கிள் சத்தமில்லாமல் போகும், அதுதான் ஆபத்து. வளைவில் நீங்களும் அதுவும் ஒரே நேரத்தில் திடுக்கிடுவீர்கள். ஊர்க்காரர்களிடம் கேட்டு, தோட்டத்து இட்டேரிகள், தரிசு, கரட்டு ஓரம் என்று மிதிக்க வேண்டிய அளவுக்கு வெளியிலேயே இருக்கிறது.

உங்கள் தடத்தை நான் பார்த்ததில்லை, எனவே எந்தக் காரணம் உங்களை இறக்கியது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அடுத்த தடவை போகும்போது இறங்கிய இடத்தில் திரும்பி உங்கள் டயர் தடத்தைப் பாருங்கள். பின் சக்கரம் மண்ணைச் சுரண்டித் தள்ளியிருந்தால் பிடிப்புதான் பிரச்சினை. காற்றைக் குறையுங்கள், சீட்டை விட்டு எழாதீர்கள். தடம் இடமும் வலமுமாக நெளிந்திருந்தால் வேகம் போதவில்லை, அல்லது எடை பின்னால் போய்விட்டது. நேராக வந்து ஒரு கல்லில் நின்றிருந்தால் மேட்டுக்கு முன்னால் ஓட்டம் பத்தவில்லை. இது எதுவும் இல்லாமல் தடம் அழகாக வந்து சும்மா முடிந்திருந்தால், முதலில் பதில் எழுதியவர்கள் சொன்ன பயிற்சிதான். படம் எடுத்தால் இங்கே போடுங்கள், பக்கத்தில் செருப்பையோ போனையோ வைத்து எடுங்கள், கல்லின் அளவு தெரிய வேண்டும்.